சக்கரக் குழியில் சொன்ன பெயர்

சுந்தரம்மாளின் சடையை அவளுடைய அம்மா அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டவளும் அவள்தான். கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பா ஆறுமுகச்சாமி வாசலில் நின்று மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன இது, கல்யாண வீட்டுக்கு அனுப்புத மாதிரி சிங்காரிச்சு விட்டிருக்க? போன வெள்ளியும் இப்படித்தான் மொழுமொழுன்னு சீவி விட்ட, ஒண்ணும் வெளிய வரல. விரிச்சு விடு" என்று உத்தரவு போட்டிருந்தார். அம்மா எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. சீப்பால் கோதிக் கலைத்தாள். அது போதாது என்று பட்டதும் பத்து விரலாலும் பிசைந்து விட்டாள். பேய் பிடித்தவள் பேய் பிடித்தவளாகத் தெரிந்தால்தானே அம்மனுக்கும் அடையாளம் தெரியும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் வந்ததற்கு ஒரு திருப்தி இருக்கும். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் சுந்தரம்மாள் தன்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் தயார் செய்திருந்தார்கள்.

அது சித்தப்பா சங்கரபாண்டியின் வீடு. சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்த சங்கரபாண்டிக்கு, ஊரில் கரிசல் காட்டைக் கட்டிக்கொண்டு அழுகிற அண்ணனைவிடத் தனக்கு உலகம் தெரியும் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து அண்ணன் குடும்பம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, நடு வீட்டை ஒழித்துக் கொடுத்ததோடு யோசனைகளையும் தாராளமாக வழங்கினார். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் சக்கரம் பதித்த சின்னக் குழி ஒன்று இருக்கிறது. புத்தி பேதலித்தவர்களையும் பேய் பிடித்தவர்களையும் அதில் உட்கார வைத்து வேண்டிக்கொள்வார்கள். உள்ளே குடியேறியிருப்பது எதுவானாலும் தன் பெயரையும் தனக்கு வேண்டியதையும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும் என்பது சனங்களின் நம்பிக்கை. வெள்ளிதோறும் உட்கார வைக்க வேண்டும், புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுக்க வேண்டும், நடுவில் மாத்திரை மருந்து எதுவும் கூடாது என்று சங்கரபாண்டி சொன்னார். கடைசியில் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்திலிருந்தே சுந்தரம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தூக்கம் போயிற்று. அதற்கும் பிறகு பேச்சு நின்றது. ஒருநாள் மத்தியானம் பருத்திக்காட்டுக் கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவளை, அண்ணன் வெள்ளத்துரை பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்து, வீடு வரை தரதரவென்று கூட்டி வந்தான். அன்றைக்கும் உனக்கு என்ன செய்கிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஊரில் நாலு பேர் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் கேட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் தலையைத் தூக்காமலே தூக்கத்துக்கு மாத்திரை எழுதிவிட்டு, "நல்ல இடமாப் பார்த்துக் கல்யாணத்தைப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். இதைக் கேட்பதற்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்க வேண்டாம். ஊர் சலூனில் உட்கார்ந்திருக்கிற எவனும் சொல்லியிருப்பான்.

ஆறுமுகச்சாமிக்கு உலகத்தில் புரியாத விஷயம் என்று எதுவும் கிடையாது. புரியாததையெல்லாம் அவர் இல்லை என்று வைத்திருந்தார். வயசுப் பெண் சாப்பிடாமல் கிடந்தால் அதற்கு எவனோ ஒருத்தன் காரணம். அப்படி ஒருத்தன் இல்லாவிட்டால் பேய். அந்தப் பேயும் செத்துப்போன எவனோ ஒருத்தனுடையதாகத்தான் இருக்கும். முதலில் உயிரோடு இருக்கிறவனைத் தேடினார்கள். சங்கரன்கோவிலில் சுந்தரம்மாள் இரண்டு வருஷம் டைப்ரைட்டிங் படித்த இன்ஸ்டிடியூட்டின் மாஸ்டர் பரமசிவன் அகப்பட்டான். மாணவிகளின் விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத, மூச்சு இழுப்பு உள்ள மனுஷன். வெள்ளத்துரை இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் மாடிப்படியில் வைத்து அவனை அடித்தான். பரமசிவன் மறு வாரமே இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டான். அவன் போன பிறகும் சுந்தரம்மாள் சாப்பிடவில்லை என்பதால், இனிமேல் பேய்தான் என்று வீட்டில் முடிவானது.

இவ்வளவு தேடியவர்கள் இன்ஸ்டிடியூட்டில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. அங்கே தங்கத்தாய் உட்கார்ந்திருந்தாள். அதே ஊர்க்காரி, தூரத்து முறையில் சுந்தரம்மாளுக்கு அத்தை மகள், தகப்பன் இல்லாத பெண். தினமும் பஸ் ஏறும்போது ஆறுமுகச்சாமி அவளிடம்தான், "தங்கம், பிள்ளைய பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வா தாயி. பஸ்ஸுல எவனும் உரசாமப் பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்புவார். தங்கத்தாய் அந்தப் பொறுப்பை ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். சுந்தரம்மாளின் மேல் எவன் மூச்சும் பட்டதில்லை.

பரமசிவன் மாஸ்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: விரலைப் பார்க்கக் கூடாது. பார்வை நேராக இருக்க வேண்டும், விரல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். முதல் பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். ஒரு அர்த்தமும் இல்லாத அந்த எழுத்துகளைத் தாள் முழுக்க அடிக்கச் சொல்வார். சாயங்கால பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது தங்கத்தாயின் இடது கை சுந்தரம்மாளின் இடுப்பில் அந்தப் பாடத்தை அடித்துக்கொண்டே வரும். சுண்டுவிரலில் ஆரம்பித்து வரிசையாகப் போய்த் திரும்பும். இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நிற்பார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மிஷின்களுக்கு உறை போட்டுவிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தபோது, தங்கத்தாய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சுந்தரம்மாளுக்கு உலகத்தில் வேறு யாருமே தேவைப்படவில்லை.

அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஊரில் மூக்காண்டி என்று ஒருத்தன் இருந்தான். நடையில் ஒரு நெளிவு, பேச்சில் ஒரு இழுவை, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். கொடைத் திருவிழாவுக்கு மறுநாள் பையன்கள் சேர்ந்து அவனுக்குச் சேலையைச் சுற்றிவிட்டுத் தெரு முழுக்க நடக்க வைத்தார்கள். பெரிய மனுஷர்கள் விலா நோகச் சிரித்தார்கள். சேலையைச் சுற்றிவிட்டவன் வெள்ளத்துரை. சேலை அம்மாவுடையது. அந்த வாரத்துக்குள் மூக்காண்டி ஊரைவிட்டுப் போய்விட்டான். அவனைப் பெற்றவள்கூட எங்கே போனான் என்று வெளியே விசாரிக்கவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தைச் சுந்தரம்மாள் மறக்கவே இல்லை. அதற்கப்புறம் அவர்கள் எதற்குச் சிரித்தாலும் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தை பிறந்ததும் தங்கத்தாயின் அம்மா ராயகிரியில் ஒருத்தனைப் பேசி முடித்து, கல்யாணத்தை ஆவணிக்கு வைத்தாள். பலசரக்குக் கடை வைத்திருப்பவன், மூத்த தாரம் தவறிவிட்டது, வயது நாற்பதுக்கு மேல். செய்தி தெரிந்த அன்றிலிருந்துதான் சுந்தரம்மாளுக்குச் சோறு இறங்காமல் போனது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சிநேகிதி பிரிந்தால் பெண்பிள்ளைகள் இரண்டு நாள் அழுவார்கள், அதுவே அவர்கள் கணக்கு.

ஆனி மாதக் கடைசி வெள்ளியன்று, விரித்த தலையோடு சுந்தரம்மாளைக் குழியில் உட்கார வைத்தார்கள். கல் சில்லென்றிருந்தது. பக்கத்தில் திருவேங்கடம் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி மாமியாரோடு முறைக்குக் காத்திருந்தாள். ஆறுமுகச்சாமி கைகூப்பி நின்றார். பேயிடம் மரியாதையாகப் பேசுவதா மிரட்டுவதா என்று அவருக்கு இன்னமும் பிடிபடவில்லை.

"யாரு நீ? எந்த ஊரு? என்ன வேணும், சொல்லு. கோழி வேணுமா, கெடா வேணுமா? சொல்லிட்டு எம் பிள்ளைய விட்டுட்டுப் போயிரு. என்ன கேக்கியோ செய்யுதேன். இல்லேன்னா நடக்கதே வேற!"

"எவன்னு சொல்லுட்டி" என்று வெள்ளத்துரை பின்னாலிருந்து பல்லைக் கடித்தான். அவனுக்குப் பேயிலும் ஆம்பளைப் பேயாகத்தான் தேவைப்பட்டது.

சுந்தரம்மாள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கையில் கட்டியிருந்த வாட்ச்சை மூன்றாவது முறையாகப் பார்க்கிற சித்தப்பா. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, அழுவதற்குத் தயாராக நிற்கிற அம்மா. கெடாவுக்கு மகளைப் பேரம் பேசுகிற அப்பா. இந்த முட்டாள்களுக்குப் பயந்தா இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. கேட்கிறார்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளட்டும், வாங்கிக்கொண்டு என்ன செய்கிறார்களோ செய்யட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"தங்கத்தாய்."

பேசாமலே கிடந்த தொண்டை, குரல் வேறு யாருடையதோ என்னும்படி கரகரத்தது. அம்மா ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எனக்குத் தங்கத்தாய் வேணும். அவ இல்லாம நான் இருக்க மாட்டேன். அவ மட்டும் போதும்."

சொல்லிவிட்டாள். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டாள். மூக்காண்டிக்குச் சுற்றிய சேலை நினைவுக்கு வந்தது. இனி வீடு கிடையாது, ஊர் கிடையாது, ஒருவேளை உயிரும் கிடையாது. ஆனாலும் சொல்லியாகிவிட்டது என்பதில் ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் சங்கரபாண்டி. அவருக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"அண்ணே, கேட்டேளா! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! நம்ம வெள்ளத்துரைக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு அலையுதோம்லா? இன்னாருன்னு பேரையே சொல்லிட்டா பாருங்க. வீட்டுக்கு ஒரு நல்ல காலு வந்தாத்தான் பிள்ளைய பிடிச்ச பீடை விலகும்னு சொல்லுதா. இதுக்கு மேல என்ன அண்ணே வேணும்?"

ஆறுமுகச்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவேங்கடத்து மாமியார், தன் மருமகளும் இவ்வளவு தெளிவாகச் சொல்வாளா என்று ஏக்கத்தோடு பார்த்தாள். வெள்ளத்துரை மீசையை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அம்மனே பார்த்து வைத்த மாப்பிள்ளை அல்லவா.

சுந்தரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். அதையும் அம்மன் சிரிக்கிறாள் என்று கும்பிட்டார்கள். இரண்டு வருஷமாக வயிற்றில் நெருப்பாகக் கட்டிக் காத்தது, வெளியே வந்தால் உலகமே பற்றிக்கொள்ளும் என்று நினைத்தது, சந்தையில் வாங்கிய பூசணிக்காயைப்போல அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்திருந்தாள். கொல்வதற்கும் கொஞ்சம் புரிய வேண்டியிருக்கிறதே.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. நகை நட்டு எதுவும் வேண்டாம் என்று ஆறுமுகச்சாமி அறிவித்தார். அறிவித்துவிட்டுத் தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டு வெற்றிலை போட்டார். கல்யாணம் இல்லை என்று சொல்ல ராயகிரிக்காரனுக்கு ஆள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தங்கத்தாயும் அவள் அம்மாவும் வந்தார்கள். பெரியவர்கள் கீழே பேசிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலுக்குக் காக்காய் விரட்டச் சொல்லி இரண்டு பேரையும் அனுப்பினார்கள். தங்கத்தாயைப் பார்த்தால் பிள்ளை பேசுகிறாள் என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஏட்டி, குழியில உக்காந்து எம் பேரைச் சொன்னியாமே. உனக்கென்ன கிறுக்கா?"

"கிறுக்குன்னுதான உக்கார வச்சிருக்காவ."

தங்கத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு தானாக நின்றது. "எங்கம்மைக்குக் காலு தரையில நிக்கல" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

"நான் கேக்கேன்லா."

தங்கத்தாய் வத்தலைக் கையால் துழாவிக்கொண்டே இருந்தாள். "எவன் வீட்டுப் பாயிலயோ கெடக்கத்தான் போறேன் சுந்தரம். ராயகிரின்னா வருசத்துக்கு ஒருக்கா உன்னைய பாப்பேன். அதுவும் அவன் விட்டாத்தான். உங்க வீடுன்னா காலையில எந்திரிச்சதும் உம் மூஞ்சிதான்."

"அவன் கூடயா? எங்க அண்ணன் கூடயா? மாஸ்டரைப் போட்டு அடிச்சானே, அவன் கூடயா? மூக்காண்டிக்குச் சேலை சுத்துன கையிட்டி அது!"

"ராயகிரிக்காரன் கை என்ன கைன்னு உனக்குத் தெரியுமா?"

சுந்தரம்மாள் எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்துப் பழகிப்போன கண்ணால் தங்கத்தாயையும் பார்த்தாள். இவளும் ஒரு வியாபாரிதான், கிடைத்த விலைக்குப் படிகிறாள் என்று நினைத்தாள். நினைத்துப் பார்த்ததில் கொஞ்ச நேரம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அவளுடைய ரவிக்கையின் கிழிந்து தைத்த கைப்பகுதி கண்ணில் பட்டது. விரல் நகங்களை இன்னமும் டைப் அடிக்கிறவளைப்போல ஒட்ட வெட்டியிருந்தாள். அதற்கு மேல் அவளை அப்படிப் பார்க்க முடியவில்லை. மிச்சமிருந்த இளக்காரத்தைச் சுந்தரம்மாள் தன் மேலேயே திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன் கேளு" என்று தங்கத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "நான் வந்ததும் உனக்குச் சரியாயிட்டுன்னு வையி, உன்னைய எவனுக்காவது கட்டி அனுப்பிருவாவ. அதனால நீ சரியாயிராத. இப்படியே இரு."

"எப்படியே?"

"இப்படித்தான். சாப்பிடாம, பேசாம. உனக்கு நடிக்கச் சொல்லியா குடுக்கணும்?"

"நடிக்கலட்டி நான்." சுந்தரம்மாளின் உதடு கோணியது. "நெசமாவே எனக்கு முடியல. கண்ண மூடினா கெணறுதான் தெரியுது. நேத்து டம்ளரைப் பிடிக்க முடியல, கை அப்படி நடுங்குது. யாரோ பின்னால இருந்து கூப்பிடுத மாதிரி இருக்கு, திரும்பிப் பாத்தா ஒருத்தருமில்ல. இவங்க சொல்லுத மாதிரி நான் நெசமாவே கிறுக்கியாயிட்டு இருக்கேனோன்னு பயமா இருக்கு. எனக்கும் சரியாவணும்னு ஆசையா இருக்கு தங்கம்."

தங்கத்தாயின் கை வத்தலில் அப்படியே நின்றது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாரு கேட்டா?"

தங்கத்தாய் அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வத்தல் பட்ட கை என்பதால் முகத்தைத் தொடாமல், முழங்கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். காக்காய்கள் வந்து வத்தலைக் கிளறின. இரண்டு பேரும் விரட்டவில்லை. கீழே இருந்து அம்மா, "என்னட்டி சத்தத்தையே காணோம்?" என்று கூப்பிட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அம்மனிடம் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றவரும் சங்கரபாண்டிதான். ஆபீசில் எதற்கும் மேலே ஒரு கையெழுத்து வாங்கிப் பழகிய மனுஷன். அடுத்த வெள்ளி ஆடித்தபசுக்குக் கொடியேறியிருந்தது. சுவாமியைச் சங்கரநாராயணராகப் பார்க்க வேண்டும் என்று அம்மன் தனியாக நின்று தவம் இருக்கிற திருவிழா. கடைசியில் சுவாமி காட்சி கொடுப்பார், தவசு முடியும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சனம் வந்து குவிந்திருந்தது. சன்னதியில் நிற்க இடமில்லை. ஆனாலும் விரித்த தலையோடு ஒருத்தி வருகிறாள் என்றதும் கூட்டம் விலகி வழிவிட்டது. அப்பா சொன்னது சரிதான், சடையோடு வந்திருந்தால் மிதித்துத் தள்ளியிருப்பார்கள்.

சுந்தரம்மாள் குழியில் உட்கார்ந்தாள். எதிரே தங்கத்தாய் தேங்காய் பழத் தட்டோடு நின்றாள். புதுச் சேலை, சுந்தரம்மாளின் அம்மா எடுத்துக் கொடுத்தது. அவளுக்குப் பக்கத்தில், எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையும் விறைத்த வேட்டியுமாக வெள்ளத்துரை. அவன் கண் தங்கத்தாயின் கழுத்திலேயே இருந்தது. உழவு மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன்கூடக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்ப்பான். மாடியில் உட்கார்ந்து யோசித்தபோது, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் சுந்தரம்மாள் நினைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் அவள் முகம், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று.

"தாயே, நீ கேட்ட பிள்ளையக் கொண்டாந்துட்டோம்" என்றார் ஆறுமுகச்சாமி, பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுத்த குரலில். "சந்தோசந்தானா? முடிச்சிரலாம்லா?"

"அவ எனக்கு" என்றாள் சுந்தரம்மாள்.

"ஆமா தாயே, உனக்குத்தான்."

"அவனுக்கில்ல."

வெள்ளத்துரையின் கழுத்து சட்டென்று திரும்பியது. சுந்தரம்மாளுக்கு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அது நடிப்பில்லை என்பது தங்கத்தாய் ஒருத்திக்குத்தான் தெரியும். தட்டில் தேங்காய் உருண்டு சத்தம் கேட்டது.

"அவ வரட்டும். என்கூட இருக்கட்டும். என்கூட மட்டும் இருக்கட்டும். எந்த ஆம்பளையும் அவகிட்ட வரப்படாது. என்கிட்டயும் வரப்படாது. எங்க ரெண்டு பேரையும் சும்மா விடுங்க." கடைசிச் சொல் சொல்லும்போது குரல் உடைந்தது. "சும்மா விடுங்கய்யா."

இந்தத் தடவை விளங்காமல் போக வழியே இல்லை என்று சுந்தரம்மாள் நினைத்தாள். வெள்ளத்துரையின் முகம் கறுத்துச் சிறுத்தது. அவனுக்கு எதுவோ எட்டியதுபோல இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்தான். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி குலவையிட்டாள்.

"ஆத்தா தவசு கேக்கா! கன்னிப் பிள்ளைய ரெண்டு பேரையும் தவசு இருக்கச் சொல்லுதா!"

"அதான், அதேதான்!" சங்கரபாண்டி தன் தொடையைத் தட்டினார். "கொடியேறின வெள்ளியில என்ன சொல்லுதா பாத்தேளா அண்ணே? அவ தவசு இருக்காள்லா, தொணைக்கு நம்ம பிள்ளைகளையும் இருக்கச் சொல்லுதா. ஆம்பளைக் காத்துப் படப்படாதுங்கா. எலே வெள்ளத்துரை, தள்ளி நில்லுலே, தள்ளி நில்லு!"

வெள்ளத்துரை தள்ளி நின்றான். முன்னால் வைத்த காலை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தான். எட்டியது எதுவோ, அதை அவன் கைவிட்டுவிட்டது முகத்தில் தெரிந்தது. சனங்கள் குழிக்கு முன்னால் விழுந்து கும்பிட ஆரம்பித்தார்கள். தங்கத்தாயையும் யாரோ தோளை அழுத்தி விழ வைத்தார்கள். சுந்தரம்மாளுக்கு நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டோமா என்று தோன்றியது. இத்தனை பேர் முன்னிலையில், அப்பா அம்மா சாட்சியாக, அவளைக் கேட்டு வாங்கியாகிவிட்டதா? இவர்களுடைய முட்டாள்தனத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறதா?

ஆறுமுகச்சாமி எழுந்து, நெற்றியில் ஒட்டிய தூசியைத் துண்டால் துடைத்தார். காடு கரை விவகாரங்களில் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் அவர். காத்திருப்பதில் அவருக்குச் சங்கடமே கிடையாது. கணக்கு மட்டும் தெரிந்தாக வேண்டும். கைகூப்பி, மிகுந்த பணிவோடு மகளைக் கேட்டார்:

"எம்புட்டு நாளைக்கு தாயே?"

சுந்தரம்மாள் அவரைப் பார்த்தாள்.

"தவசுன்னா ஒரு முடிவு உண்டுல்லா. ஒரு வருசமா? ரெண்டு வருசமா? நீ சொல்லிட்டேன்னா அது வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு. அது முடிஞ்சதும் இவனுக்கு அவள முடிச்சிருதோம், உனக்கும் ஒரு நல்ல இடமாப் பாத்திருதோம். என்னலே?"

"நான் காத்திருக்கேன்" என்றான் வெள்ளத்துரை. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் அவனை மெச்சினார்கள்.

குலவை ஓய்ந்துவிட்டது. எல்லாருடைய கண்ணும் சுந்தரம்மாளின் உதட்டில் இருந்தது. அம்மா மகளின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கப் போய், கூடாது என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். சங்கரபாண்டி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அவர்களுக்கு ஒரு எண் வேண்டும். எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு அடுத்த நாள் என்று ஒன்று வரும். சுந்தரம்மாள் வாயைத் திறந்தாள். உள்ளே ஒரு எண்ணும் இல்லை.

அப்போது கணுக்காலில் ஏதோ பட்டது. குழிக்கு முன்னால் விழுந்து கிடந்த தங்கத்தாய் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் இடது கை சுந்தரம்மாளின் சேலைக் கரைக்குள் நுழைந்திருந்தது. சுண்டுவிரலில் ஆரம்பித்து வரிசையாகப் போய்த் திரும்பியது. மறுபடி சுண்டுவிரல். அதே முதல் பாடம், ஒரு அர்த்தமும் இல்லாத அதே எழுத்துகள், நிறுத்தாமல்.

சுந்தரம்மாள் கீழே பார்க்கவில்லை. கூப்பிய கைகளுக்கும் திறந்த பேனாவுக்கும் மேலே, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.